பெனால்டி கயிறு

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'கோடு'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. முப்பத்திரண்டு வருஷம் நகரத்துக் கால்பந்து ஸ்டேடியத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். அவர், போட்டார் என்று எழுதுகிறேனே, அதைப் பார்த்து மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். புருஷனுக்கு 'ர்' விகுதி போடாவிட்டால் கை கூசும். இலக்கணம் வேறு, அபிப்பிராயம் வேறு.

எங்கள் வீடு ஸ்டேடியத்தின் கிழக்கு கேலரிக்கு அடியில் இருந்தது. ஊழியர் குடியிருப்பு என்று அதற்குப் பெயர். மேலே ஜனங்கள் உட்காரும் படிக்கட்டு, கீழே நாங்கள். கூரை சரிந்து இறங்கும். வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், அடுப்படியில் குனிய வேண்டும், கட்டில் போட்ட மூலைக்குத் தவழ்ந்துதான் போக வேண்டும். கல்யாணமான முதல் வாரமே மண்டையில் மூன்று இடத்தில் வீங்கிவிட்டது. ஆட்டம் நடக்கும் நாளில் மேலே குதிப்பார்கள். தட்டில் சிமெண்ட் தூள் விழுந்தால் கோல் என்று அர்த்தம், ரேடியோ தேவையில்லை. தோற்றாலும் குதிப்பார்கள், அந்த ஜென்மங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த ஸ்டேடியத்தைத்தான் இப்போது வழுவழுப்பான தாளில் 'நகரத்தின் இதயம்' என்று அச்சடித்து விநியோகிக்கிறார்கள். இதயமாம்! முதலில் அது ஊர்க்குப்பை கொட்டிய பள்ளம். குப்பை நிரம்பி வழிந்த பிறகு, மேலே மண்ணைப் போட்டு மூடி, மைதானம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு மரத்தில் கேலரி கட்டினார்கள், எவனோ பீடியைப் போட்டு எரித்தான். அடுத்து சிமெண்டில் கட்டினார்கள். மேற்குப் பக்கம் பெரிய மனிதர்கள் உட்காருவதால் அங்கே மட்டும் கூரை. மற்ற மூன்று பக்கமும் வெயிலில் வேக வேண்டியதுதான். அந்த மைதானத்தில் தேர்தலுக்கு ஓட்டு எண்ணினார்கள், போலீஸ் அணிவகுத்தது, சர்க்கஸ் கூடாரம் அடித்தார்கள். ஒரு மந்திரியின் ஹெலிகாப்டர் நட்ட நடு வட்டத்தில் இறங்கியது. மிச்சமிருந்த நாட்களில் கால்பந்தும் ஆடினார்கள். ஹெலிகாப்டர் இறங்கிய அன்று ஊரே அண்ணாந்து பார்த்தபோது, "போச்சு, பொடியெல்லாம் பறந்துடுச்சு" என்று தலையில் கை வைத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

வேலையில் சுத்தம், அதை மறுக்க மாட்டேன். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கயிறு வைத்திருந்தார். பக்கக் கோட்டுக்கு ஒன்று, நடு வட்டத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று. பெனால்டி கயிறு என்று தனியாக ஒன்று உண்டு. கோல் கோட்டில் ஒரு முனையை வைத்து நீட்டினால், மறுமுனை விழும் இடத்தில்தான் பந்தை வைத்து உதைக்கும் புள்ளி. முப்பத்தாறு அடி. அளக்கும் டேப் ஆபீசில் இருந்தது. ஆனால் அது ஸ்டோர்காரர் பீரோவில், பூட்டுக்குள் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் இரண்டே பயம்: ஒன்று மழை, இன்னொன்று அந்த ஸ்டோர்காரர். மூன்றாவது நான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருந்திருந்தாலும் நான் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்த மாப்பிள்ளையை எனக்குப் பார்த்தது என் அண்ணன். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவனும் அவன்தான். துறைமுக அணியின் கோலி, அதாவது கோல்கீப்பர். அவனுக்கு ஊர் வைத்த பெயர் 'சுவர்'. மற்ற கோலிகள் பெனால்டி என்றால் இடமோ வலமோ ஒரு குருட்டு நம்பிக்கையில் பாய்வார்கள். அண்ணன் பாய மாட்டான். அப்படியே நிற்பான். பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அசைவான், அசைந்தால் பந்து கையில் இருக்கும். எதிரணிக்காரன் அதைப் பார்த்தே தப்பாக உதைத்துவிடுவான். "அவசரப்படாம நின்னா போதும், பந்து தானா சொல்லும்" என்பான். பேச்சும் அப்படித்தான், பத்து கேள்விக்கு ஒரு பதில்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் நகரக் கோப்பை இறுதி ஆட்டம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அதற்கு முந்தைய மாதம் முழுக்க மைதானத்தில் பொருட்காட்சி நடத்தி, கம்பம் நட்டு, குழி தோண்டி, நிலத்தை நாசம் செய்திருந்தார்கள். புது மண் கொட்டி, புல் பதித்து, என் வீட்டுக்காரர் மூன்றே நாளில் எல்லாக் கோட்டையும் புதிதாகப் போட்டார். துறைமுகத்துக்கும் மின்வாரியத்துக்கும் ஆட்டம். எண்பது நிமிஷம் தாண்டியும் கோல் இல்லை. ஏழு நிமிஷம் இருக்கும்போது மின்வாரியத்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவனை இடதுகால் என்பார்கள். அவன் ஓடி வந்தான். கால் பந்தில் படுவதற்கு முன்பே என் அண்ணன் வலப்பக்கம் பாய்ந்துவிட்டான்! வாழ்நாளில் பாயாதவன் பாய்ந்தான். இடதுகால் பதறிப்போய் உதைத்த பந்து, சாப்பிட்டுவிட்டு உலாத்தப் போகிற மாதிரி இடப்பக்கமாக உருண்டு உள்ளே போனது. அண்ணன் சும்மா நின்றிருந்தால் குனிந்து எடுத்திருக்கலாம்.

நான் அடுப்படியில் இருந்தேன். தலையில் சிமெண்ட் கொட்டியது.

நிற்கிறவன் ஏன் பாய்ந்தான்? ஊருக்கு யோசிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விலைபோய்விட்டான் என்று முடிவு கட்டினார்கள். சுவர் என்று தோளில் தூக்கிய அதே கூட்டம், அன்று பொழுது சாய்வதற்குள் 'கதவு' என்று பெயரை மாற்றியது. நாக்கில் எலும்பு கிடையாதே! துறைமுகத்தில் அணியை விட்டு எடுத்துக் கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டார்கள். அங்கேயும் ஆள் மாற்றி ஆள் கேலி பேச, வேலையை விட்டான். பெண் பேசியிருந்த இடத்தில் கையை விரித்தார்கள். இன்றுவரை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். அங்கே வண்டி விடுகிறவர்களில் பாதிப்பேருக்குக் கால்பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாது. அவர்களும் "கதவண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுதான் பெயர் என்று நினைத்து.

நான் மட்டும் யோக்கியமா? ஆட்டம் முடிந்த நாலாம் நாள் அண்ணன் வீட்டுக்கு வந்து, சரிந்த கூரைக்கடியில் குனிந்து உட்கார்ந்தான். தட்டை வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"அண்ணே, வாங்கினியா?"

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "தண்ணி குடு" என்றான்.

இல்லை என்று சொல்லவில்லையே, அப்புறம் என்ன? ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் வருவான், சாப்பிடுவான், போவான். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பான். நான் உபசாரத்தில் குறை வைத்ததில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு 'சீ' எழும். அதை அவனிடம் மறைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடதுகாலுக்கோ அந்த ஒரு உதையே ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஒரு கோல் அடித்தானா என்றால் கிடையாது. ஆனால் 'கோப்பை நாயகன்' என்று சொல்லிக்கொண்டே நகர மன்றத்துக்குப் போனான், வேட்டி சட்டை கசங்காத மனிதன் ஆனான், கடைசியில் ஸ்டேடிய வாரியத்துக்கே தலைவர் ஆனான். ஆனார். மெய்ப்புப் பார்க்கிறவள் திருத்திக்கொள்கிறேன்.

அவர் தலைவரானதும் ஸ்டேடியத்தை 'உலகத்தரத்துக்கு உயர்த்த' முடிவானது. அதற்கான விளம்பர மலர் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. முதல் மெய்ப்பை நான்தான் பார்த்தேன். கீழே கடைத்தெரு, அதற்கு மேலே நாலு அடுக்கு கார் நிறுத்தம், ஒரு ஓட்டல், ஆறு சினிமா தியேட்டர். மைதானம் எங்கே என்று தேடு தேடு என்று தேடினேன். கார் நிறுத்தத்துக்கு மேலே மொட்டை மாடியில் இருந்தது, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற அளவில். முப்பதாயிரம் பேர் உட்கார்ந்த இடத்தில் இனிமேல் நாலாயிரம் பேர். 'கால்பந்தின் ஆன்மாவைக் காக்கும் முயற்சி' என்று தலைப்பு. ஒற்றுப்பிழை பதினாறு, வெட்கம் சுத்தமாக இல்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில்தான் எனக்குக் கை நின்றுவிட்டது. 'வரலாற்றுப் புள்ளி' என்று எழுதியிருந்தது. அந்தப் பெனால்டி உதைத்த இடத்தை மண்ணோடும் புல்லோடும் பெயர்த்தெடுத்து, கடைத்தெரு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். பின்னால் சுவர் முழுக்கத் திரை. அதில் அந்தப் பெனால்டி காலையிலிருந்து கடை சாத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடுமாம். கூடவே ஒரு படம் போட்டிருந்தார்கள். இடதுகால் உதைக்கிறார், என் அண்ணன் தப்பான பக்கம் அந்தரத்தில் பறக்கிறான். செருப்பு வாங்க வருகிறவர்களும் ஐஸ்கிரீம் வாங்க வருகிறவர்களும் இனிமேல் தினமும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவன் வாங்கினானோ இல்லையோ, செத்த பாம்பை இன்னும் எத்தனை வருஷம் அடிப்பார்கள்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அடுத்த வாரம் மண் பெயர்க்கும் இடத்தைக் குறிக்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள். முக்காலியில் மெஷினை நிறுத்தி அளந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மைதானத்து வேலிக் கம்பியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, பெனால்டி எத்தனை மீட்டர்?" என்று கேட்டாள்.

"பதினொண்ணும்மா."

"இங்க பத்துதானே வருது? பத்து மீட்டர், ஆறு சென்டிமீட்டர்."

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"நேத்துதான் சரி பாத்தோம்." அவள் எதிர்க் கோலுக்கும் போய் அளந்துவிட்டு வந்தாள். "அங்கயும் அதேதான் ஐயா."

"பூமி சுருங்கியிருக்கும்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் சிரித்தேவிட்டாள். "பரவாயில்லை, எங்களுக்குப் பெட்டி சைஸுக்கு மண்ணு வந்தாப் போதும். தூரம் தேவையில்லை" என்று முக்காலியை மடக்கிக்கொண்டு போனாள். பூமி சுருங்கியதாம்! என் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவர் உள்ளே வந்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கயிறு எங்க?"

"எந்தக் கயிறு?"

"இந்தப் பாசாங்கெல்லாம் ஆபீஸ்ல வெச்சுக்கோங்க. பெனால்டி கயிறு."

திருதிருவென்று விழித்தார். பிறகு கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய் எடுத்து வந்தார். அதில் இரண்டு முடிச்சு, ஒவ்வொன்றும் குழந்தைக் கை அளவு. நான் பிடுங்கி முழம் போட்டேன். இருபத்துநாலு முழம் இருக்க வேண்டிய கயிறு இருபத்திரண்டுதான் இருந்தது. மூன்று அடி குறைவு.

"பொருட்காட்சி வண்டி ஏறி நைஞ்சுபோச்சு" என்றார் தலையைக் குனிந்தபடி. "ரெண்டு எடத்துல நைஞ்ச பாகத்தை அறுத்துட்டு முடிச்சுப் போட்டேன். ஒரு சாண் குறையும்னு நினைச்சேன்."

"புதுசு கேட்டு வாங்க என்ன கேடு?"

"ஸ்டோர்காரரு பழசைக் கொண்டாம்பாரு. எப்படி நைஞ்சுதுன்னு எழுதிக் குடும்பாரு. மூணு நாள்தான் இருந்துச்சு..."

"சரி, அப்புறம்? இருபத்தேழு வருஷமா?"

"அப்புறம் உதைச்சு உதைச்சு அந்த எடத்துல குழி விழுந்துடுச்சு. குழியில பொடியைப் போட்டுட்டுப் போயிடுவேன். அளக்கவே வேண்டியிருக்கலை."

ஒரு நடுவர்கூடக் கேட்கவில்லையா என்றால், நடுவர்கள் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்களாம், டீ வந்ததா என்று பார்ப்பார்களாம், போய்விடுவார்களாம். ஆட்டக்காரர்கள்? கோல் விழுந்தால் யார் புகார் சொல்வார்கள்? 'நம் மைதானத்தில் பெனால்டி தவறுவதே இல்லை' என்று பத்திரிகைக்காரர்கள் பெருமையாக எழுதினார்கள். அதில் ஒன்றை நானே மெய்ப்புப் பார்த்து, 'தவறுவதேயில்லை' என்று சேர்த்து எழுதித் திருத்தியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தால் தகும்.

எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. மூன்றடி கிட்டத்தில் வைத்து உதைத்தால் எந்தக் கோலியும் தடுமாறத்தான் செய்வான். அண்ணன் தடுமாறியிருக்கிறான், விலைபோகவில்லை. இதை ஊருக்குச் சொல்ல வேண்டும், அந்த மண்ணைக் கண்ணாடிக்குள் வைப்பதற்குள் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒரே ஒருவர்தான், அவர் என் முன்னால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஸ்டேடியத்துப் பிரிவு விழாவுல உங்களுக்கும் கேடயம் குடுக்கறாங்க இல்ல? மைக்கும் குடுப்பாங்க. அதுல சொல்லிடுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குப் புது எடத்துல வழிகாட்டி வேலை தரேன்னு தலைவர் சொல்லியிருக்காரு. வீடும் உண்டு."

"என்ன வழி காட்டப் போறீங்க?"

"அந்தக் கண்ணாடிப் பெட்டி பக்கத்துல தொப்பி போட்டுட்டு நின்னு, வர்றவங்களுக்கு அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும்."

என் வாயில் வந்ததையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது. அவர் குனிந்தபடியே கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்க அண்ணன் பாய்ஞ்சதுக்குக் கயிறு என்னம்மா பண்ணும்? பந்து உருண்டுல்ல வந்துச்சு? நின்னிருந்தாப் பிடிச்சிருக்கலாமே."

பதிலுக்குக் கரண்டியை வீசினேன்.

நாலு நாள் அவரோடு பேசவில்லை. அதற்குள் அச்சகத்துக்கு மலரின் இரண்டாம் மெய்ப்பு வந்தது. பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் 'புள்ளி மூன்றடி தள்ளி இருந்திருக்க வேண்டும், கோலியின் மேல் பழி இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். முதலாளி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நம்ம வேலை எழுத்துப் பிழைம்மா. வாழ்க்கையில இருக்கிற பிழையெல்லாம் அவங்க பாடு" என்று அடித்துவிட்டார். அந்த ஆளுக்கு மலரோடு நாலு விளம்பரப் பக்கம் அச்சடிக்கும் வேலையும் கிடைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விழா. மைதானத்தின் நடுவில் மேடை. பழைய ஆட்டக்காரர்கள் தொந்தியும் தொப்பியுமாக வந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து மூக்கை உறிஞ்சினார்கள். ஸ்டேடியத்தை இடிக்கக் கையெழுத்துப் போட்டவர்களே முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் வேடிக்கை. இடதுகால் முக்கால் மணி நேரம் பேசினார். அந்தப் பெனால்டியைப் பற்றிச் சொல்லும்போது, "நான் எதிரியின் கண்ணைப் பார்த்தேன், அவர் நிலைகுலைந்தார்" என்றார். ஜால்ராக்கள் கைதட்டினார்கள். நான் கேலரியின் முதல் படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். போனார். கேடயத்தை வாங்கினார். "ரெண்டு வார்த்தை" என்று மைக்கைக் கொடுத்தார்கள். இந்த மனுஷன் நன்றி வணக்கம் என்று சொல்லிவிட்டு இறங்கப் போகிறது என்று நான் அப்போதே எழுந்துவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். "அந்தப் பெனால்டி... நான் போட்ட புள்ளி தப்பு. கயிறு நைஞ்சு முடிச்சுப் போட்டிருந்தேன். மூணடி குறைவு. இப்ப மெஷின் வெச்சு அளந்திருக்காங்க, கேட்டுப் பாருங்க. கோலி மேல தப்பில்லை. அவரு என் மச்சான்கிறதுக்காகச் சொல்லலை. தப்பு என்னோடது."

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அந்த மனிதரை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அதற்குள் இடதுகால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டு மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா நம்ம கோடண்ணனை! என் கோல்ல தனக்கும் பங்கு வேணுமாம்! குடுத்துட்டேன் அண்ணே, பாதி கோல் உங்களுது!" கேலரி முழுக்கச் சிரிப்பு. விசில். எவனோ "கதவைத் தொறந்துவிட்டதே நீங்கதானா?" என்று கத்தினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பாட்டைப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது. ஒருவனாவது எழுந்து என்ன விஷயம் என்று கேட்டானா? அந்த மந்தையிடமா நான் நியாயம் எதிர்பார்த்தேன்!

என் வீட்டுக்காரர் கேடயத்தோடு மேடையில் நின்றுகொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. வெளியே வந்து பஸ் பிடித்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அண்ணனுக்காவது தெரியட்டும் என்றுதான்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. அண்ணன் தகரக் கொட்டகை நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்: மெஷின், கயிறு, முடிச்சு, மேடை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"புள்ளி கிட்டக்க இருந்தது. ஆட்டத்தன்னிக்குக் காலைல கோல்லேருந்து நடந்து பாப்பேன், எப்பவும் அது பழக்கம். எனக்குப் பன்னெண்டு எட்டு வரும். அன்னிக்குப் பதினொண்ணு. மறுபடியும் நடந்தேன். பதினொண்ணுதான்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நடுவர்கிட்ட சொன்னா ஆபீசுக்குப் போகும். இறுதி ஆட்டத்துல தப்புப் புள்ளின்னா மாப்பிள்ளைக்கு வேலை போயிடும். வேலை போனா வீடு போயிடும். உனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்." டோக்கனைக் கீழே வைத்தான். "பெனால்டியே விழாதுன்னு நினைச்சேன்."

நான் பக்கத்திலிருந்த சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன்.

"விழுந்துச்சு. அவ்வளவு கிட்டத்துல நின்னு பாத்துப் பிடிக்க முடியாது. அதான் முன்னாடியே பாய்ஞ்சேன். அந்த முட்டாள் உருட்டி விடுவான்னு யாருக்குத் தெரியும்?"

சிரித்தான். இருபத்தேழு வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பையன் வண்டியைக் கொண்டுவந்து விட்டு, "கதவண்ணே, டோக்கன்" என்றான். கொடுத்தான்.

"நான் கேட்டேனே" என்றேன். "வாங்கினியான்னு கேட்டேனே. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இல்லைன்னா, பின்ன ஏன் பாய்ஞ்சேம்ப. நீ விடுவியா? குடைஞ்சு எடுத்துடுவ. தெரிஞ்சா அன்னிக்கே ஸ்டேடியம் பூரா கேக்கற மாதிரி மாப்பிள்ளையைக் கிழிச்சிருப்ப. உன் வாய் எனக்குத் தெரியாதா?" அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் என் பின்னலை இழுத்துக் கேலி செய்வானே, அந்தக் குரலில் சொன்னான். பிறகு டோக்கனைப் பார்த்துக்கொண்டே, "ஊரு கேட்டதுகூடப் பெருசா வலிக்கலை" என்றான். அடுத்த டோக்கனை எடுத்து அடுக்கினான்.

நான் கிளம்பும்போது கொட்டகை வாசல்வரை வந்தான். "எனக்கு முன்னாடியே தெரியும்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதே. பாவம், இன்னிக்குத்தான் வாழ்க்கையில ஒரு தடவை துணிஞ்சு பேசியிருக்காரு. அதைக் கெடுத்துடாதே."

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் விழாச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மச்சானைப் பாத்தியா? சொன்னியா? என்ன சொன்னாரு, மன்னிச்சுட்டாரா?"

"உங்களை மன்னிச்சுட்டான்" என்றேன்.

அவர் அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்தானா என்று நான் அண்ணனிடம் கேட்கவில்லை. ஊரையே கிழித்த இந்த வாய்க்கு, அதைக் கேட்க மட்டும் வரவில்லை.